முயலுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

மாத்தளை மாவட்டத்தில் வளரும் நாய்க்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு. விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று தெரிந்ததும், பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கோ சந்திக்கோ நாயை இழுத்து வருவார்கள். சில வீட்டார் பூனையைக்கூடச் சாக்கில் போட்டுத் தூக்கி வருவதுண்டு. விசர் நோய்க்கென்று 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றிய நாடு இது. நாய் வளர்ப்பவர்களுக்கு 'வருஷத்துக்கு ஒரு ஊசி' என்பதை எவரும் இனிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பசுவும் ஆடும் அப்படித்தான். சினை ஊசி, கால்வாய் நோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து என்று ஏதோ ஒரு காரணத்துக்காக மிருக வைத்தியரின் பார்வை அவற்றின் மேல் விழுந்துவிடுகிறது.

அதே வீட்டின் பின்பக்கம், கம்பி வலை அடித்த கூட்டுக்குள் இருக்கும் முயலுக்கு அப்படியொரு நாள் கிடையாது. அதற்கு ஊசி போட எவரும் வருவதில்லை. அது பால் தராது, முட்டை இடாது, திருடனைக் கண்டு குரைக்காது. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது என்று வாங்கி வருகிறோம். கரட் துண்டும் கோவா இலையும் போட்டால் அது பாட்டில் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 வருடம் வரை வாழக்கூடிய பிராணி அது. ஆனால் முயல் வளர்த்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருந்திச்சு, ஒரு நாள் காலையில பாத்தா செத்துக் கிடந்திச்சு" என்ற பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அந்த முயல் முந்திய நாள் வரை நன்றாக இருந்திருக்காது. அநேகமாகப் பல நாட்களாக, சில வேளை பல கிழமைகளாக, அது நோயோடுதான் இருந்திருக்கும். அந்த நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரின் கைக்கு அது ஒரு தடவைகூடப் போய்ச் சேரவில்லை. சுகமாக இருக்கும்போதே முயலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் பழக்கம் நம் மாவட்டத்தில் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வலியை மறைக்கும் முகம்

வேட்டையாடும் பிராணியின் கண்ணில் தளர்ந்து தெரியும் முயலே முதலில் பிடிபடும். அதனால் வலியை வெளியே காட்டாமல் இருப்பது இந்த இனத்தின் உடம்போடு ஊறிவிட்டது. நாய் நொண்டினால் தெரியும், பூனை கத்தினால் கேட்கும். முயலோ கூட்டின் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்கு அது சாதுவாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது வயிற்று வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். காதை அருகே கொண்டுபோனால் அந்தக் கறகறப்புச் சத்தம் கேட்கும்.

முயலின் முகத்தில் வலியைப் படிப்பதற்கென்று 2012ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, கன்னம் எவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது, மூக்கின் வடிவம் எப்படி மாறியிருக்கிறது, மீசை மயிர் எந்தப் பக்கம் நிற்கிறது, காதுகள் எப்படி மடிந்திருக்கின்றன என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அப்படியிருக்கும்போது, காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் கூட்டுக்குள் ஒரு பிடி புல்லைப் போட்டுவிட்டுப் போகும் நமக்கு அந்த முகம் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்?

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நக்கிள்ஸ் மலையடிவாரத்திலும் லக்கல, வில்கமுவ பக்கத்துப் பற்றைக்காடுகளிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். கூட்டில் நாம் வளர்ப்பது ஐரோப்பாவின் ஐபீரியத் தீபகற்பத்தில் தோன்றிய முயலின் வழிவந்தது. வளர்ப்பு முயலின் குட்டி உடம்பில் முடியில்லாமல் கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதன் தாய் பகல் முழுவதும் குட்டியைத் தனியே விட்டுவிட்டு, இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். மிளகுத் தோட்டத்தில் தனியாகக் கிடந்தது என்று பிள்ளைகள் தூக்கி வரும் குட்டிக்குப் பெரும்பாலும் தாய் உண்டு. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

வைத்தியரின் மேசையில்

முயல் பரிசோதனையில் முதல் வேலை நிறை பார்ப்பது. ஒன்றரைக் கிலோ முயலில் 100 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். அந்த 100 கிராம் அதன் உடம்பில் பதினைந்தில் ஒரு பங்கு. மனிதருக்கு என்றால் 60 கிலோ ஆள் 4 கிலோ மெலிந்ததற்குச் சமம். அடுத்தது உடல் வெப்பம். முயலுக்கு 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இயல்பு. அதற்குக் கீழே இறங்கினால், காய்ச்சலைவிட அது ஆபத்தான அறிகுறி.

பிறகு வாய். வைத்தியரிடம் போவதற்கு வேறெந்தக் காரணமும் இல்லையென்றாலும், வாய்க்காக மட்டுமே போகலாம் என்பேன். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். நமக்குத் தெரிவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் மட்டுமே. மேல்வரிசையில் அவற்றுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு சின்னப் பற்கள் உண்டு. மீதி 22 பற்களும் கன்னத்துக்குள், உள்ளே தள்ளி இருக்கின்றன. இந்த 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் கிழமைக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்னும்போது பற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து அளவோடு நிற்கும். பாண், பிஸ்கட், கரட், கடைத் தீன் என்று மெதுவான சாப்பாடு கொடுத்தால் தேய்மானம் குறையும். அப்போது கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் ஊசி போன்ற கூர்முனைகள் முளைக்கும். கீழ்வரிசைப் பல்லின் முனை நாக்கைக் கிழிக்கும், மேல்வரிசைப் பல்லின் முனை கன்னத்தைக் கிழிக்கும்.

இந்த நிலையில் உள்ள முயல் பசியோடு சாப்பாட்டை நோக்கி ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். 'நேத்துப் போட்ட புல் பிடிக்கல்ல போல' என்று நினைத்து நாம் இன்னும் மெதுவான எதையாவது கொடுப்போம். அது பல்லை இன்னும் கெடுக்கும். பல்லின் வேர் கீழ்நோக்கி நீண்டால் தாடை எலும்பின் அடிவிளிம்பில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். மேல்நோக்கி நீண்டால் கண்ணீர் வடியும் குழாயை நெருக்கும், கண்ணில் பீளை கட்டும். கண்ணில் பீளை என்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருப்போம், மூலகாரணம் பல்லில் இருக்கும். வைத்தியர் தாடையை விரலால் தடவிப் பார்ப்பதும், காது பார்க்கும் விளக்குக் குழலை வாயோரத்தில் நுழைத்துக் கடைவாய்ப் பற்களைப் பார்ப்பதும் இதற்காகத்தான். விழித்திருக்கும் முயலின் வாயில் எல்லாம் தெரிந்துவிடாது. சந்தேகம் இருந்தால் மயக்கம் கொடுத்துத்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

நீண்ட முன்பல்லை நகவெட்டியாலோ குறட்டாலோ வெட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பல் நெடுக வெடித்துவிடும், வேர் வரை சீழ் பிடிக்கும். பல்லைச் சுழலும் கருவியால் அராவ வேண்டும், வெட்டக்கூடாது. வெட்டித் தருகிறேன் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் முயலைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

வாய்க்குப் பிறகு மற்றவை வேகமாக முடியும். காதுக்குள் பொருக்குத் தட்டியிருந்தால் அது காதுச் செள். மூக்கும் முன்னங்கால் உள்பக்கமும் ஈரமாக இருந்தால் சளி, ஏனென்றால் முயல் மூக்கைத் துடைப்பது அந்தக் காலால்தான். வயிறு பிசைந்த மாவைப் போல மெதுவாக இருக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் குடல் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார்கள். நாய்க்கு இருப்பது போன்ற தடித்த தோல் மெத்தை முயலுக்கு இல்லை, வெறும் முடிதான். கம்பி வலைத் தரையில் நாள் முழுக்க நின்றால் அந்த முடி உதிர்ந்து புண்ணாகி, கடைசியில் எலும்பைத் தொடும். கூட்டின் பாதித் தரைக்காவது ஒரு பலகை போட்டு அதன்மேல் புல்லைப் பரப்பினால் இந்த நோயை வரவிடாமல் தடுக்கலாம்.

போகும்போது அன்றைய புழுக்கையில் ஒரு பிடியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். குட்டி முயல்களைக் கொல்லும் கொக்சிடியோசிஸ் என்ற குடல் நோயை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிட முடியும். கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது, முயலுக்கு வருவது அதன் வேறு வகை. குட்டி வாங்கிய முதல் மாதத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

ஒரே மாவட்டம், இரண்டு காலநிலை

வியர்வைச் சுரப்பிகள் முயலின் உடம்புக்கு உதவாது. சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பது முக்கியமாகக் காது மட்டுமே. 28 பாகைக்கு மேலே போனால் அது திணறத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் தம்புள்ளை, கலேவெல பக்கம் பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடுவது சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே கூடு வைத்திருந்தால் உள்ளே அதைவிட அதிகம். காது சூடாகிச் சிவந்து, மூக்கு விரிந்து மூச்சு வாங்கி, வாயோரம் ஈரமாக இருந்தால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்துக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பது கூடாது.

இரத்தோட்டை, எல்கடுவ பக்கம் கதையே வேறு. ஐப்பசி முதல் மார்கழி வரை விடாத மழை, மூடுபனி, ஈரம் காயாத கூடு. அங்கே முயலைக் கொல்வது சளியும் ஈயும்தான். வயிற்றோட்டத்தாலோ, உடம்பு பெருத்துக் குனிந்து சுத்தம் செய்ய முடியாததாலோ பின்பக்கம் அழுக்காக இருக்கும் முயலில் பச்சை ஈ முட்டை இடும். ஒரு நாளுக்குள் புழு வெளியே வந்து உயிரோடு இருக்கும் சதையைத் தின்னத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை வாலுக்குக் கீழே பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பின்பக்கம் ஏன் அழுக்காகிறது என்பதை வைத்தியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல்லா, பருமனா, முதுகு வலியா என்று தெரியாமல் கழுவிக்கொண்டே இருந்தால் புழு திரும்ப வரும்.

வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை போதும், ஐந்து வயதுக்கு மேலே இரண்டு தடவை வேண்டும். மலைப்பக்கத்து வீடுகளுக்குச் சரியான மாதம் மழை தொடங்கும் முன் வரும் புரட்டாசி. தம்புள்ளை பக்கத்துக்கு மாசி.

மிளகுத் தோட்டமும் மரக்கறிச் சந்தையும்

சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் காய்ந்த புல் பொதி விலை கூடியது, அதை வாங்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மாத்தளையில் வேலியோரமெல்லாம் கினிப்புல் வளர்கிறது. பசு வளர்ப்பவர்களின் நிலத்தில் கோ-3 புல் நிற்கிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான அந்தப் புல் இன்று இலங்கை முழுவதும் கால்நடைத் தீவனம். அதன் இளந்தாள்களை நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். பெரிய வீதியோரத்துப் புல் மட்டும் வேண்டாம், வாகனப் புகையும் நாய் மூத்திரமும் அதில் இருக்கும்.

மிளகுக்கொடி ஏறி நிற்கும் கிளிரிசிடியா விடயத்தில் கவனம் வேண்டும். ஆடும் மாடும் அதை விரும்பித் தின்னும், அவற்றின் வயிறு வேறு. அதே மரத்தின் இலையையும் பட்டையையும் மத்திய அமெரிக்காவில் எலி கொல்லும் நஞ்சாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முயலுக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஆனைக்கொய்யாவின் இலையும் பழமும் நஞ்சு. லீக்ஸ், வெங்காயம், உள்ளி எதுவும் ஆகாது.

1999இல் தொடங்கிய தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் நாள்தோறும் கழித்துப் போடும் மரக்கறி இலைகளைப் பார்த்தால், முயல் வளர்ப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்புதான். கரட் இலை நல்ல சாப்பாடு. ஆனால் மருந்து அடித்து எத்தனை நாளானது என்று தெரியாத இலையை நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவாமல் கொடுக்க வேண்டாம். கோவா கொஞ்சமாகக் கொடுக்கலாம். கரட் கிழங்கு இனிப்புப் பண்டம், விரல்நுனி அளவு போதும். வல்லாரை, பொன்னாங்காணி, கொத்தமல்லித் தழை என்று வீட்டுப் பாத்தியிலேயே நல்லவை இருக்கின்றன. கோழித் தீன் ஒருபோதும் ஆகாது, அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

கூட்டைச் சுற்றிச் சிந்தும் தீனுக்கு எலி வரும். 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. இரவில் தீன் தட்டை எடுத்துவைப்பது முயலுக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் வெட்டி எடுத்துக் கூட்டில் ஒட்டிவைப்பதென்றால், இதை ஒட்டிவையுங்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தபோது வாங்கிய அமொக்சிசிலின் பாணி குளிர்சாதனப் பெட்டியில் மிச்சம் இருக்கும். முயல் தும்முகிறது என்று அதில் நாலு சொட்டு வாயில் விடுவார்கள். முயல் உயிர் வாழ்வது குருட்டுக்குடல் என்ற பெரிய பைக்குள் இருக்கும் கிருமிகளை நம்பி. புல்லை நொதிக்கவைத்துச் சத்தாக்கிக் கொடுப்பவை அவை. அமொக்சிசிலினும் அதன் உறவு மருந்துகளும் வாய் வழியே போனால் அந்த நல்ல கிருமிகள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றோட்டம் தொடங்கி ஓரிரு நாளில் முயல் இறந்துவிடும். முயலுக்கு ஆகும் வேறு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை நிறையைப் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டும்.

நாய்க்குத் தெள்ளு, உண்ணி போக முதுகில் விடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலைக் கொல்லும். சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவதும் அப்படித்தான், முயல் அதை நக்கி நக்கி விழுங்கிவிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி முயலின் சொறிக்கு நல்ல மருந்து, ஆனால் மாட்டுக்கு அளக்கும் கையால் முயலுக்கு அளக்க முடியாது. சரியான அளவில் இரண்டு, மூன்று ஊசி போட்டால் மூக்கிலும் காதோரத்திலும் வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்த சொறி உதிர்ந்து போகும். இவ்வளவு எளிதில் மாறும் நோய்க்கு முயலைச் சாகவிடுவது எனக்குத் தாங்கமுடியாத விடயமாகத் தெரிகிறது.

எங்கே போவது?

மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பிரதேச மட்டத்தில் இயங்குகின்றன. அவற்றின் வேலை பெரும்பாலும் பசு, ஆடு, கோழியைச் சுற்றியே அமைந்தது. வைத்தியர் பாதி நாள் வெளியே தொழுவங்களில் இருப்பார். முயலைக் கொண்டுபோனால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. கூச்சப்பட ஒன்றுமில்லை. வைத்தியர் முயலை அதிகம் பார்ப்பதில்லை என்றால், நாம் கொண்டுபோவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, "டொக்டர், எங்க முயலுக்கு சும்மா ஒரு செக்கப் பண்ணணும், எப்ப கொண்டு வரலாம்?" என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

அங்கே முடியாததற்குப் பேராதனை இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை, மாத்தளை நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். எக்ஸ்ரே எடுக்கவும் மயக்கம் கொடுத்துப் பல் பார்க்கவும் அறுவைச் சிகிச்சை செய்யவும் நம் மாவட்டத்துக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் பெரிய இடம் அதுதான். தம்புள்ளைக்காரர்களுக்கு அது 75 கிலோமீட்டருக்கு மேல். 30 கிலோமீட்டர் என்றாலும் அக்குறணையில் வாகன நெரிசல் பிடித்தால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. விடியற்காலையிலேயே புறப்படுங்கள். காற்றுத்துளை போட்ட உறுதியான பெட்டி, அடியில் துவாய், அதன்மேல் அது பழகிய புல். சோடியாக வளரும் முயல் என்றால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள், பிரித்தால் இரண்டுமே சாப்பிடாது. காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முயலின் எலும்பு அதன் உடம்பு நிறையில் 7, 8 சதவீதம்தான், பூனைக்கு 12, 13. பயத்தில் ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். ஒரு கையை மார்புக்குக் கீழும் மறு கையைப் பின்பக்கத்துக்கும் கொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும்.

பெண் முயல் வைத்திருப்பவர்கள் பேராதனையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கருப்பையை எடுத்துவிடலாமா? கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு நான்கு வயதுக்கு மேலே கருப்பையில் புற்றுநோய் வருவது மிக அதிகம். சில இனங்களில் பாதிக்கு மேற்பட்ட முயல்களுக்கு வந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்து, ஆறு மாத வயதில் எடுத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். முயல் 31 நாளில் குட்டி போடும் பிராணி. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் அவசரம்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. பிரித்தானியாவில் 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மயக்க மருந்து கொடுத்த முயல்களில் 1.39 சதவீதம் இறந்திருந்தன, நாய்களில் 0.17 சதவீதம். சுகமான முயல்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. முன்கூட்டியே பரிசோதித்து, நோயில்லை என்று உறுதி செய்துகொண்டு சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. இன்னொன்று: முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய்க்குச் சொல்வது போல முந்திய இரவிலிருந்து பட்டினி போடும்படி முயலுக்குச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வெறும் வயிறு முயலின் குடலை நிறுத்திவிடும்.

அரச மிருக வைத்திய அலுவலகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வருடத்தில் இரண்டு காலைப்பொழுதுகளை முயல் போன்ற சின்னப் பிராணிகளுக்கென்று அறிவியுங்கள். விசர் ஊசி போடும் நாளோடு இதைச் சேர்க்க வேண்டாம். நாய்கள் குரைக்கும் இடத்தில் முயல் பயத்திலேயே செத்துப்போகக்கூடும். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு துவாய், விளக்குக் குழல், நுண்ணோக்கி போதும். பாடசாலைகள் வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் பெட்டியோடு வரிசையில் நிற்பார்கள்.

அதுவரை செய்யக்கூடியது வீட்டில் இருக்கிறது. மாத்தளையில் மிளகும் கராம்பும் நிறுக்காத வீதி குறைவு. கிழமைக்கு ஒரு நாள் கூடையோடு முயலை நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். புழுக்கை சிறுத்தால் எழுதுங்கள், எண்ணிக்கை குறைந்தால் எழுதுங்கள். மூத்திரம் செம்மஞ்சள் நிறமாகவோ சுண்ணாம்பு கலந்தது போலவோ இருந்தால் பயம் வேண்டாம், முயலுக்கு அது வழமை. ஆனால் 12 மணித்தியாலம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அதுதான் அவசரம். நாளைக்குப் பார்க்கலாம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விடக்கூடாது. குடல் ஓட்டம் நின்ற முயல் ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் இறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது, எந்த ஆட்டோவில் போவது என்பதை முயல் சுகமாக இருக்கும்போதே விசாரித்து, அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.